ஜான் ராஸ்: 65 டாலர் 88 சென்ட் கணக்கு

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கியரின் தலைவர் ஜான் ராஸ் என்றாலே வாஷிங்டனுக்கு மனு தூக்கிக்கொண்டு அலைந்தவர் என்றுதான் எழுதுவார்கள். 1838 கோடையில், சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட தன் மக்களை மேற்கே கூட்டிப்போக வண்டிக்கும் மாவுக்கும் சோப்புக்கும் கணக்குப் போட்டவரை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அவரை எடைபோட அந்தக் கணக்கு மனுக்களைவிட அதிகம் உதவும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 1790இல். அப்பா ஸ்காட்லாந்துக்கார வியாபாரி. அம்மா வழியில் கொள்ளுப்பாட்டி செரோக்கியர். அந்தச் சமூகத்தில் குலம் தாய்வழியில் வருவதால் ராஸும் செரோக்கியரே. அந்த மொழி அவருக்குச் சரளமாக வராது, கூட்டங்களில் பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். இருந்தும் ஆங்கிலமே தெரியாத மலைக்கிராம மக்கள்தான் கடைசிவரை அவரது பலம். 1827இல் செரோக்கியர் தங்களுக்கென்று எழுத்து வடிவில் ஓர் அரசியல் சட்டம் இயற்றினார்கள். அதன்படி 1828இல் முதன்மைத் தலைவரானவர், 1866இல் சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். தோட்டமும் படகுத்துறையும் வைத்திருந்த பணக்காரர். கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தார். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதுவது நேர்மையில்லை.

1830 மே மாதம், பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்புவதற்கான வெளியேற்றச் சட்டம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்று தப்பிப் பிழைத்து நிறைவேறியது. அடுத்து அதிபர் ஜாக்சனின் அரசு கைவைத்தது செரோக்கி கஜானாவில். பழைய ஒப்பந்தங்களின்படி ஆண்டுதோறும் வந்த 6,666 டாலரை இனி அவர்களது அரசிடம் தர மாட்டோம், தலைக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருகிறோம் என்றார்கள். ஆளுக்கு அரை டாலர்கூடத் தேறாது. அதை வாங்க அமெரிக்க அரசின் முகவர் அலுவலகம்வரை நடக்க வேண்டும். நோக்கம் வெளிப்படையானது: தங்கள் நிலத்தைக் கேட்ட ஜார்ஜியா மாநிலத்தோடு வழக்காட, வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இருக்கக் கூடாது. மக்கள் அந்தச் சில்லறையை வாங்கப் போகவில்லை. 1832இல் உச்ச நீதிமன்றம் வூஸ்டர் வழக்கில் ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதை அமல்படுத்தத்தான் ஆளில்லை. செரோக்கியரின் பேரவை கூடுவதையே ஜார்ஜியா தடைசெய்திருந்ததால், டென்னசி எல்லைக்குள் ரெட் க்ளேயில் கூடினார்கள். செரோக்கி நிலத்தைப் பங்குபோட ஜார்ஜியா நடத்திய குலுக்கலில் ராஸின் சொந்த வீடே இன்னொருவருக்கு விழுந்தது. 1835இல் வாஷிங்டனிலிருந்து திரும்பியபோது அங்கே வேறொருவர் குடியிருந்தார். குடும்பத்தோடு டென்னசியில் இரண்டு அறை மரவீட்டுக்கு மாறினார்.

அதே ஆண்டு டிசம்பர் 29இல், ராஸ் ஊரில் இல்லாத நேரத்தில், செரோக்கித் தலைநகரான நியூ எகோட்டாவில் இருபது பேர் அளவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 50 லட்சம் டாலருக்கு நாட்டை அமெரிக்க அரசுக்கு எழுதிக்கொடுத்தார்கள். ராஸ் அனுப்பிய எதிர்ப்பு மனுவில் 15,000க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. செனட் 31க்கு 15 என்று ஒப்புதல் தந்தது. ஓர் ஓட்டு குறைந்திருந்தாலும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது. வெளியேற இரண்டு ஆண்டு கெடு. அந்த இரண்டு ஆண்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிடலாம் என்ற நம்பிக்கையை ராஸ் விடவில்லை, மக்களும் மூட்டை கட்டவில்லை. அவர்மேல் வைக்கத்தக்க நியாயமான குறை இதுவே. 1838 மே கடைசியில் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் ஸ்காட்டின் படையினர் வீடு வீடாகப் புகுந்தபோது பலரிடம் உடுத்திய துணிக்கு மேல் ஏதுமில்லை.

ஜூனில் ராணுவமே மூன்று குழுக்களை ஆற்று வழியாக அனுப்பியது. வெயில், வறட்சி, ஆற்றில் தண்ணீர் இல்லை, முகாமிலேயே வயிற்றுப்போக்கு. சாவும் தப்பியோட்டமும் அதிகமாகவே, ஜூலையில் திரும்பிய ராஸும் பேரவையும் ஸ்காட்டிடம் சொன்னது இதுதான்: வெயில் தணியட்டும், மீதிப்பேரை நாங்களே கூட்டிப்போகிறோம். ஸ்காட் ஒத்துக்கொண்டார். பதவி முடிந்து ஹெர்மிடேஜ் என்ற தன் தோட்ட வீட்டில் ஓய்வில் இருந்த ஜாக்சன் அதைக் கேட்டுக் கொதித்துக் கடிதம் எழுதினார்.

ராஸ் தரப்பின் செலவு மதிப்பீடு இப்படி. ஆயிரம் பேர் கொண்ட ஒரு குழு, 800 மைல், நாளுக்கு 10 மைல், ஆக 80 நாள். இருபது பேருக்கு ஒரு வண்டியும் ஐந்து சவாரிக் குதிரையும், அதாவது ஒரு குழுவுக்கு 50 வண்டி, 250 குதிரை. சாப்பாட்டுக்கு ஆளுக்கு நாளுக்கு 16 சென்ட். தவிர படகுத்துறைக் கட்டணம், சாலைச் சுங்கம், வண்டிகள் காலியாகத் திரும்பும் செலவு. குழுத் தலைவர், துணைத் தலைவர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், உணவுப்பொருள் பொறுப்பாளர், வண்டி மேலாளர் ஆகியோருக்குச் சம்பளம். மொத்தம் 65,880 டாலர், தலைக்கு 65 டாலர் 88 சென்ட். முதல் மதிப்பீட்டில் சோப்பு விட்டுப்போயிருந்தது, பிறகு சேர்த்தார்கள். இருபது பேருக்கு ஒரு வண்டி என்றால் இருபது பேர் ஏறிப்போகலாம் என்று நினைக்க வேண்டாம். படுக்கை, பாத்திரம், கிழவர், நோயாளி, கைக்குழந்தை இவற்றுக்கே வண்டி நிரம்பிவிடும். மற்றவர்கள் நடந்தார்கள், அடிமைகளும் கூடவே. சரக்கு வழங்கும் ஒப்பந்தம் ராஸின் தம்பி லூயிஸுக்குப் போனது. அதற்கான வசை இன்றுவரை ஓயவில்லை.

80 நாளில் ஒரு குழுவும் போய்ச் சேரவில்லை. வறட்சி நீடித்ததால் புறப்பாடே தள்ளிப்போனது, பெரும்பாலான குழுக்கள் அக்டோபரிலும் நவம்பரிலும்தான் கிளம்பின. பிறகு மழை. முன்னே போன நூற்றுக்கணக்கான சக்கரங்கள் கிளறிய சேற்றில் பின்னால் வந்த வண்டிகள் புதைந்தன. டென்னசி, கென்டக்கி தாண்டி இல்லினாய் தெற்கு முனைக்கு வந்தால் மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் மிதந்தன, படகு விட முடியாது. வாரக்கணக்கில் கரையில் காத்திருப்பு. அத்தனை நாளும் 16 சென்ட் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், மதிப்பீடோ 80 நாளோடு நின்றுவிட்டது. கென்டக்கியின் ஹாப்கின்ஸ்வில் அருகே வொயிட் பாத் என்ற செரோக்கித் தலைவர் இறந்தார். 1827இல் அந்த அரசியல் சட்டத்தையே எதிர்த்துக் கிளம்பிய முதியவர், இப்போது ராஸின் ஏற்பாட்டில் தன் மக்களோடு போய்க்கொண்டிருந்தார்.

மொத்தச் சாவு 4,000 என்று எங்கும் சொல்லப்படுவது, உடன் சென்ற மிஷனரி மருத்துவர் எலைசர் பட்லரின் மதிப்பீடு. எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. ராஸின் மனைவி குவாட்டி தன் போர்வையை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் குளிரில் இறந்தார் என்ற கதையையும் நம்பிவிட வேண்டாம். ராஸ் குடும்பம் டிசம்பரில் கடைசிக் குழுவோடு நீர்வழியாகப் போனது. 1839 பிப்ரவரியில் லிட்டில் ராக்கை ஒட்டி குவாட்டி இறந்தார், கல்லறையும் அந்த ஊரில்தான்.

புறப்படுமுன், 1838 ஆகஸ்டில், முகாமில் கூடிய பேரவை ஒரு தீர்மானம் போட்டது: எங்கள் அரசியல் சட்டமும் சட்டங்களும் தொடர்ந்து நடப்பில் இருக்கும். மேற்கே ஏற்கெனவே குடியேறியிருந்த செரோக்கியருக்கு வேறு அரசு இருந்ததால் இந்தத் தீர்மானமே அங்கே பெரிய தகராறானது. 1839 ஜூன் 22இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான் ரிட்ஜ், எலியாஸ் பூடினாட் மூவரும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். ராஸ் உத்தரவிட்டதற்கு ஆதாரம் இல்லை. செப்டம்பரில், கிழக்கிலிருந்து வந்தவர்களும் முன்பே குடியேறியவர்களுமான இரு தரப்பும் மேற்கே தாலக்குவாவில் புதிய அரசியல் சட்டம் ஏற்றன.

கூடுதல் நாட்களுக்கென்று ராஸ் ஏறத்தாழ 4,86,000 டாலர் கேட்டார். ஜாக்சனுக்குப் பின் அதிபரான வான் பியூரனின் அரசு மறுத்தது, 1841இல் அதிபர் டைலரின் அரசு கொடுத்தது. அதோடு தீரவில்லை. வெளியேற்றச் செலவில் ஒரு பகுதியை அந்த 50 லட்சத்திலிருந்தே வாஷிங்டன் கழித்துக்கொண்டது. அது முறையல்ல என்று செரோக்கியர் தொடர்ந்து வாதாடினார்கள். ராஸ் இறந்து 40 ஆண்டு கழித்து, 1906இல், உச்ச நீதிமன்றம் செரோக்கியரின் வாதத்தை உறுதிசெய்தது: திருப்பித் தர வேண்டிய அசல் 11,11,284 டாலர் 70 சென்ட், 1838 ஜூன் 12இலிருந்து 5 சதவீத வட்டியுடன்.