ஜனவரியில் அடம்பிடிக்கும் கதவு

தென்மேற்கு பிரான்சில் சார்லா என்றொரு ஊர். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், தட்டைக்கற்களை அடுக்கி வேய்ந்த கூரைகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். கோடையில் சுற்றுலாக் கூட்டம் நெரியும். ஜனவரியில் தபால்காரரும் பூனையும்தான். புதிதாக வீடு வாங்கியவருக்கும் அவருடைய ஓக் மரக் கதவுக்கும் சண்டை மூள்வது சரியாக அந்த ஜனவரியில்.

கதவு முக்கால்வாசி போய் நிலையில் சிக்கிக்கொள்ளும். தோளால் இடிப்பார், காலால் உதைப்பார். மறுநாள் இழைப்புளியோடு வந்து ஓரத்தில் 5 மி.மீ. சீவித் தள்ளுவார். கதவு சமர்த்தாகச் சாத்திக்கொள்ளும். ஜூலையில் பார்த்தால் அந்த ஓரத்தில் விரல் நுழையும். சுவர்ப் பல்லி குடும்பத்தோடு நுழையும்.

குளிர்கால ஈரம் ஏறினால் ஓக் பலகை அகலத்தில் உப்பும், நீளத்தில் அசையாது. 25 செ.மீ. பலகைக்கு இரண்டு மூன்று மி.மீ. போகும், வரும். அதனால்தான் பழைய தச்சர்கள் பலகைக்கும் பலகைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டார்கள். அந்த இடுக்கில் குளிர் வருகிறதென்று யாரோ ஒரு புண்ணியவான் மரப்பசை அடைத்திருப்பார். இனி நாலு பலகையின் உப்பலும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டராகி, நிலையில் போய் முட்டும். சுரண்டி எடுக்க வேண்டியது அந்தப் பசையை. கதவைச் சீவ வேண்டியதே இல்லை.

எங்கே முட்டுகிறது என்று தெரிய, ஓரம் முழுக்கச் சாக்கட்டி தேய்த்து ஒருமுறை சாத்திப் பாருங்கள். நிலையில் வெள்ளை ஒட்டும் இடம்தான் குற்றவாளி. பக்கவாட்டில் ஒட்டினால் ஈரம். அடிப்பக்கம் முழுவதும் வாசற்கல்லில் உரசினால் கீல் வளையம் தேய்ந்திருக்கிறது. பூட்டு இருக்கும் மூலை மட்டும் தரையில் கோடு கிழித்தால், கதவைத் தாங்கச் சுவரில் பதித்த இரும்பு முளைகளில் மேலே உள்ளது ஆடுகிறது.

இந்தக் கதவுகளில் கீல் என்பது குறுக்கே அறைந்த நீள இரும்புப் பட்டை. அதன் நுனியிலுள்ள வளையம் சுவரில் பதித்த முளைமேல் உட்காரும். திருகாணியே கிடையாது, தூக்கினால் கழன்றுவிடும். தூக்குவதுதான் பாடு. 2.1 மீட்டர் உயரம், 1 மீட்டர் அகலம், 6 செ.மீ. தடிமன் ஓக் என்றால் சுமார் 90 கிலோ. கதவை நன்றாகத் திறந்து வைத்து, அடியில் மரக்கட்டையும் கடப்பாரையும் கொடுத்து, இரண்டு பேராக எழுப்ப வேண்டும். வளையம் தேய்ந்த கேஸ் என்றால் இரண்டு முளையிலும் ஒரே தடிமனில், 2 மி.மீ. பித்தளை வாஷர் போட்டால் போதும். மேலே அந்த 2 மி.மீ. இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்காதவர்கள் கதவை இரண்டு முறை தூக்குவார்கள்.

ஆடும் முளைதான் வில்லங்கம். அந்தக் காலத்தில் கல்லைக் குடைந்து, முளையை நிறுத்தி, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்தால் இரும்பு துருவேறும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல் பிளக்கும். அப்போது நம் ஆள் என்ன செய்வார்? சிமென்ட் மூட்டையோடு வருவார். சிமென்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. உள்ளே மாட்டிய ஈரம் பக்கத்துக் கல் வழியாக வெளியேறி, கல்லை மாவாக உதிர்க்கும். சில வருடங்களில் சிமென்ட் மட்டும் விலா எலும்பாகத் துருத்தி நிற்கும்.

செய்ய வேண்டியது: முளையைச் சுற்றியுள்ள பழைய சாந்தை 2, 3 செ.மீ. ஆழத்துக்கு உளியால் எடுத்து, முந்தின நாளே சுவரை நனைத்து, தண்ணீர் பட்டால் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு மணல் என்று கலந்து அடைப்பது. 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் தொடக்கூடாது. ஆக, ஜனவரியில் பிடித்த சண்டையை ஏப்ரல் வரை ஒத்திப்போட வேண்டியதுதான். சும்மா இருக்க முடியாமல் மணல் பீய்ச்சிக் கல்லைப் 'பளிச்' ஆக்குகிறவர்கள் உண்டு. கல்லின் மேல் இறுகியிருக்கும் காப்புத் தோல் அத்தோடு போச்சு.

கதவையே பிளாஸ்டிக்கில் மாற்றிவிடலாமே என்றால், அது நடக்காது. பழைய நகரப் பகுதிகளைக் காக்க வந்த 1962 மால்ரோ சட்டப்படி முதலில் பாதுகாக்கப்பட்ட நகரங்களில் சார்லாவும் ஒன்று. கதவின் நிறத்தை மாற்றவே அரசுக் கட்டடக்கலைஞரின் ஒப்புதல் வேண்டும். கதவென்றாலே அரசாங்கத்துக்குப் பழைய பாசம். 1798 முதல் 1926 வரை வாசலையும் ஜன்னலையும் எண்ணி வரி வாங்கிய நாடு அது.

இத்தனை கிழட்டுக் கதவுகளுக்கு நடுவே ஊரின் மிகப் பெரிய கதவு புதுசு. சந்தையாக மாறிய சாந்த்-மரி தேவாலயத்துக்கு, சார்லாவில் வளர்ந்த கட்டடக்கலைஞர் ழான் நூவெல் வடிவமைத்த இரட்டை எஃகுக் கதவு: உயரம் 15 மீட்டர், ஒவ்வொன்றும் 7 டன். அது ஜனவரியில் உப்பாது. ஆனால் வெப்பம் 30 டிகிரி ஏறினால் 15 மீட்டர் எஃகு சுமார் 5 மி.மீ. நீளும். நல்ல வேளை, அதன்மேல் இழைப்புளி ஓடாது.