ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று நம்பாதீர்கள்

கரூரில் எங்கள் எலக்ட்ரிகல் கடைக்கு சிசி லிமிட்டை, அதாவது வியாபாரத்துக்கு வங்கி தரும் சுழல் கடனின் உச்சவரம்பை, கூட்டச் சொல்லி வங்கியில் கொடுத்த ஃபைல் திரும்பி வந்துவிட்டது. குட்டியானை வண்டிக்கு வாங்கிய கடன் போன வருஷ மார்ச் 31-இல் எவ்வளவோ, அதே தொகை இந்த வருஷ பேலன்ஸ் ஷீட்டிலும் நின்றதுதான் காரணம். கடன் கொடுத்ததே அதே வங்கி. அதிகாரி அந்த வரியைப் பென்சிலால் சுழித்து, "மாசாமாசம் இஎம்ஐ கட்டுறீங்க, கடன் மட்டும் குறையலையேம்மா?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

எங்கள் பகுதிநேரக் கணக்காளர் இஎம்ஐ முழுவதையும் செலவில் தள்ளியிருந்தார். வட்டி மட்டும்தான் செலவு. அசல், கடன் கணக்கில் பற்றாக விழ வேண்டும், அப்போதுதான் கடன் குறையும். கேட்டதற்கு, "ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகுதே, அப்புறம் என்ன?" என்றார். இன்னும் எனக்கு ஆறவில்லை. ட்ரயல் பேலன்ஸ் என்பது எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் இரண்டு பக்கமாகக் கூட்டிப் பார்க்கும் பட்டியல்தான். பற்றும் வரவும் ஒரே தொகையாக இருந்தால் எந்தத் தலைப்பில் போட்டாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரும். தலைப்பு தப்பு என்று ட்ரயல் பேலன்ஸ் ஒருநாளும் சொல்லாது.

அதோடு விடவில்லை. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், எல்ஐசி பிரீமியம் எல்லாம் 'இதர செலவு'. அதெல்லாம் உரிமையாளர் சொந்தச் செலவுக்கு எடுத்தது, மூலதனத்தில் கழிய வேண்டியது. எதுவென்று தெரியாத தொகைகள் மொத்தமும் சஸ்பென்ஸ் கணக்கில். உங்கள் கணக்காளரிடம் முதலில் கேட்க வேண்டியது சஸ்பென்ஸ் லெட்ஜரைத்தான். வருஷக் கடைசியில் அதில் ஒரு ரூபாய் நின்றாலும் விடாதீர்கள்.

சரி, ஏப்ரல் 1-இலிருந்து நானே திரும்பப் போட உட்கார்ந்தேன். கொள்முதல், விற்பனை பில்கள் சுலபமாக ஏறிவிட்டன. பேங்க் கணக்குதான் ஒத்துவரவே இல்லை. தேடிப் பார்த்தால் கோளாறு கார்டு மிஷினில். 10,000 ரூபாய் சரக்கு, 18% வரியோடு பில் 11,800. கஸ்டமர் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார். 2% கமிஷன் என்றால் 236, அதன் மேல் ஜிஎஸ்டி 42.48, இரண்டையும் பிடித்துக்கொண்டு வங்கி நமக்குப் போடுவது 11,521.52தான். பழைய கணக்கில் ஒவ்வொரு முறையும் பேங்கில் 11,800 வந்ததாகவே எழுதியிருந்தது. அப்புறம் எப்படி ஒத்துவரும்?

இப்போது இப்படிப் போடுகிறேன்: பேங்க் 11,521.52, கமிஷன் 236, உள்ளீட்டு வரி (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) 42.48, மூன்றும் பற்று. விற்பனை 10,000, சிஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 900 வரவு. வங்கியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து வைத்தால்தான் அந்த 42.48 உங்கள் 2பி-யில், அதாவது உங்களுக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரியைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியலில், வரும். கையோடு செய்துவிடுங்கள்.

வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பிரிக்க லோன் ஸ்டேட்மென்ட் வேண்டும். கிளையில் கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கடன் போட்ட கிளைக்குப் போகச் சொன்னார். அங்கே போனால் "சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க." ஒரு நாள் வியாபாரம் வீண். கடைசியில் அதே ஸ்டேட்மென்ட் நெட் பேங்கிங்கிலேயே டவுன்லோட் ஆனது. நீங்கள் முதலில் அங்கே பாருங்கள்.

ஒயர் சப்ளையர் அனுப்பிய ஸ்டேட்மென்ட்டுக்கும் நம் லெட்ஜருக்கும் 1,800 ரூபாய் இடித்தது. வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கண்ணோடு தேடினேன், 18,650 என்ற பில் 16,850 என்று ஏறியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் லிமிட் கூடியபோதுகூட வரவில்லை.

ஆமாம், லிமிட் கூடிவிட்டது. அதிகாரி இந்த முறை கடன் வரியைத்தான் முதலில் பார்த்தார், தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

கணக்காளரை மாற்றும் எண்ணம் இருந்தால், அவரிடம் சொல்வதற்கு முன்பே டேலி சாஃப்ட்வேரின் பேக்கப்பையும் பாஸ்வேர்டையும் வாங்கிவிடுங்கள். எங்கள் டேட்டா அவர் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று அவர் இழுத்தடித்துக் கொடுப்பதற்குள் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டிய 20-ஆம் தேதி வந்துவிட்டது.