ஆறு நாள் குழந்தையின் சுண்டுவிரல்

2010 பிப்ரவரி. போலியோ சொட்டு மருந்து முகாம் ஞாயிற்றுக்கிழமை முடிந்து, திங்களும் செவ்வாயும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். நான் அப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர். ஊரில் ஒரு கல்யாணம். வெளியூர்ப் பிள்ளைகளும் வந்து மருந்து போட்டுக்கொண்டதால் என் கணக்கு 103 சதவீதத்தில் நின்றது. "இலக்கைத் தாண்டிட்டீங்க, போதும்மா" என்றார் மேலதிகாரி.

எனக்கு அந்த 103-ல் நிம்மதி வரவில்லை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை. ஒடிசாவின் பலாங்கீர் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் அங்கே கல் அறுத்துக்கொண்டிருந்தன. பொங்கலையொட்டி வருவார்கள், ஜூனில் கிளம்பிவிடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் என் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கிற பிள்ளை விடுபட்டால் கணக்கு 99 என்று காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலிலேயே இல்லாத பிள்ளை விடுபட்டால் எந்தத் தாளும் காட்டாது.

சாயங்காலம் அங்கன்வாடி ஆயாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். தோளில் வேக்சின் கேரியர், உள்ளே நான்கு ஐஸ் பேக். வெயிலில் நடக்கும்போது மனம் முழுக்க அந்தப் பெட்டியின் மேலேயே இருக்கும். ஒவ்வொரு மருந்துக் குப்பியிலும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரமும் இருக்கும். சூடு ஏற ஏறச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் போடக் கூடாது. படித்தவர், படிக்காதவர் யார் பார்த்தாலும் புரியும். யாரும் இல்லாத வயல்வரப்பில் ஒரு செவிலியர் அந்தச் சதுரத்தை உண்மையாகப் பார்க்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருந்தது.

சூளைக் கணக்குப்பிள்ளை, "இவங்க நம்ம ஊர் ஆளுங்க இல்லையே, நர்சம்மா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்துத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியை வைத்துக்கொண்டு பெண்களிடம் பேசச் சொன்னேன். சுடாத செங்கல்லை அடுக்கிச் சுவராக்கி, மேலே ஓலை போட்ட குடிசைகள். குனிந்துதான் நுழைய வேண்டும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாயைத் திறந்தார்கள். கடைசிக் குடிசையில் அழுகுரல் கேட்டது. ஆறு நாள் குழந்தை. குடிசையிலேயே பிறந்திருக்கிறது. தாய் தரமாட்டேன் என்று மார்போடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன், அவசரப்படுத்தவில்லை. மூத்த பிள்ளைக்கு அவள் கண்ணெதிரே போட்ட பிறகுதான் கையைத் தளர்த்தினாள்.

இரண்டு சொட்டு. அப்புறம் இடது சுண்டுவிரலில் மை வைக்க வேண்டும். பேனாவின் முனையை விட அந்த நகம் சிறியதாக இருந்தது.

பதிவேட்டில் பெயர் என்ற இடத்தில் 'வைக்கவில்லை' என்று எழுதினேன். முகவரிக்கு என்ன எழுதுவது? 'சூளை, கடைசிக் குடிசை' என்று எழுதினேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு குடியரசு தினத்தன்று பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். கட்டுரைத் தலைப்பு, இந்தியா வல்லரசாவது எப்படி. பிள்ளைகள் ராக்கெட்டைப் பற்றியும் ராணுவத்தைப் பற்றியும் அழகாக எழுதியிருந்தார்கள். அவையும் வேண்டியவைதான். எனக்கு அந்த நகம்தான் நினைவுக்கு வந்தது. 'நம்ம ஊர் ஆள் இல்லை' என்று சொல்லப்பட்ட பிள்ளையையும் தேடிக்கொண்டு போகிற நாடுதான் பெரிய நாடு என்று நான் நம்புகிறேன்.

நான் மட்டும் செய்த வேலையில்லை இது. 2009-ல் நம் நாட்டில் 741 பிள்ளைகளுக்குப் போலியோ வந்தது. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் அவ்வளவு இல்லை. பெரும்பாலானவை உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும். இந்தியாவால் முடியாது என்று பேசிக்கொண்ட காலம் அது. நம் பிள்ளைகளுக்கு வழக்கமான மூன்று தவணை போதாது, கூடுதல் தவணை வேண்டும் என்று வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். 1995-லிருந்து நாடு முழுக்கச் சுற்றுச் சுற்றாக மருந்து போட்டோம். பீகாரில் கோசி ஆற்றுத் தீவுகளுக்குப் படகில் போனவர்கள் உண்டு. 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் ஒரு சிறுமிக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தது.

சொட்டு மருந்து எல்லோருக்கும் தெரியும். தெரியாத வேலை ஒன்று உண்டு. 15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரென்று கை கால் தொய்ந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும். 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு முறை மலம் எடுத்து ஐஸில் வைத்து, போலியோ கிருமி இருக்கிறதா என்ற பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பக்கம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும். முகம் சுளிக்காமல் அந்த டப்பாவை இடுக்கிக்கொண்டு போன ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் மாலை போடவில்லை. போலியோ இல்லை என்று ஒரு நாடு துணிந்து சொன்னது அந்த டப்பாக்களை நம்பித்தான்.

சரி, அந்தக் குழந்தை. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம், மூன்று தவணையும் சூளையிலேயே போட்டுவிட்டேன். ஜூனில் கிளம்பும்போது தடுப்பூசி அட்டையைத் தாயின் கையில் கொடுத்தேன். அட்டை முழுக்கத் தமிழ். அங்கே இருக்கிற நர்ஸுக்கு எப்படிப் புரியும் என்று யோசித்து, தேதிகளை மட்டும் பெரிய எண்ணாக மறுபடி எழுதினேன். ஒன்பதாவது மாதம் தட்டம்மை ஊசி போட வேண்டிய கட்டத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன்.

அடுத்த பொங்கல் முடிந்து சூளைக்குப் போனபோது அந்தத் தாயே என்னைப் பார்த்து ஓடிவந்தாள். இடுப்பில் குழந்தை. பிளாஸ்டிக் பையைப் பிரித்து அட்டையை எடுத்தாள். நான் வட்டம் போட்ட கட்டத்துக்குள் நவம்பர் மாதத் தேதி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒடியா எழுத்தில் ஒரு கையெழுத்து. யாருடையது என்று என்னால் படிக்க முடியவில்லை. தேதியைப் படிக்க முடிந்தது.