ஜவ்வாது மலையில் எரிமலைகளின் அடித்தளம்

வேலூர்ப் பக்கம் மலை ஏற வேண்டும் என்றால் பலரும் ஏலகிரியைத்தான் சொல்வார்கள். எனக்கு ஜவ்வாது மலை. வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் பைக்கில் போனோம். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் எல்லாம் நான் வண்டியை நிறுத்தியதில் மாமா பையனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இது எரிமலைப் பாறையா அண்ணா?" என்றான்.

எரிமலைக்கு அடியில் இருந்த பாறை என்றேன். அதை விளக்க, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் வரை போக வேண்டியிருந்தது.

அங்கே நாஸ்கா என்னும் கடல்தட்டு, அதாவது கடலுக்கு அடியில் பரந்து கிடக்கும் பெரும் பாறைப் பலகை, வருடத்துக்குச் சுமார் 7 சென்டிமீட்டர் வேகத்தில் கண்டத்துக்கு அடியில் நுழைகிறது. கீழே போகும் தட்டுதான் உருகி எரிமலையாகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அந்தத் தட்டின் கனிமங்களுக்குள் கடல்நீர் சிக்கியிருக்கிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தில், வெப்பமும் அழுத்தமும் கூடும்போது அந்த நீர் வெளியேறி மேலே இருக்கும் பாறைக்குள் புகுகிறது. நீர் சேர்ந்தால் பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். எரிமலைக்குத் தண்ணீர் காரணம்! எனக்கு இதில் இன்னும் வியப்பு தீரவில்லை.

உருகியதில் கொஞ்சம்தான் எரிமலையாக வெளியே வருகிறது. மீதி நிலஓட்டுக்குள்ளேயே, அதாவது பூமியின் மேல் பாறை அடுக்குக்குள்ளேயே தங்கி, ஆறி, இறுகிவிடுகிறது. தட்டுகள் நெருக்குவதால் அந்த நிலஓடும் மடிந்து தடிக்கிறது. சாதாரணமாக 35, 40 கிலோமீட்டர் இருக்கும் கண்ட ஓடு, மத்திய ஆண்டீஸில் 70 கிலோமீட்டர் வரை போகிறது. தடித்த ஓடு, அடியில் இருக்கும் கனத்த பாறை மேல் உயர்ந்து மிதக்கும். மழையும் ஆறும் உச்சியைத் தேய்க்கத் தேய்க்க, அடியில் இருப்பது மெல்ல மேலே வரும்.

சரி, ஜவ்வாதுக்கு வருவோம். இங்கே நைஸ் (gneiss) என்னும் வரிவரியான பாறையும் சார்னகைட் என்னும் கருமை கலந்த பாறையும்தான் அதிகம். வட ஆற்காட்டின் இந்தப் பாறைகளில் பலவற்றுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அன்று ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்தபோது, எரிமலை வரிசைக்குக் கீழே உறைந்த பாறைக்குழம்புதான் இவற்றின் மூலம் என்று நிலவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். சார்னகைட் உருவாவது பெரும்பாலும் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். அப்படியானால் இதற்கு மேலே இருந்த அவ்வளவு பாறையும் கரைந்து போயிருக்கிறது. இன்றைய ஜவ்வாதின் உயரம் அந்தப் பழைய மலைத்தொடரின் உயரம் அல்ல. தேய்மானத்தில் தப்பி நின்ற பகுதி இது.

ஏலகிரி வேறு. அதன் சையனைட் (syenite) என்னும் பாறை சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலஓடு விரிந்த காலத்தில் குழம்பாக ஏறி வந்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து மலைகளுக்கு நடுவே இவ்வளவு வயது வித்தியாசம்!

போகிறவர்கள் மழை விட்ட மறுநாள் போங்கள். கழுவிய பாறையில் கனிமங்கள் தெளிவாகத் தெரியும். வளைவுகளில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், பேருந்துகள் வேகமாக வருகின்றன.