மணியைப் பார்த்தீங்களா

குழந்தைகளுக்கு ஒரு பாட்டு நாடகம் எழுதித் தர முடியுமா என்று எங்கள் நாடகக் குழுவில் கேட்டபோது, நாற்பது நிமிஷம்தானே, ரெண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தலையாட்டிவிட்டேன். மூன்று மாதம் பிடித்தது. அந்தக் காலத்து நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே ராத்திரியில் ஒரு முழு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்த கதையை எங்கள் ஹார்மோனியக்காரர் அதற்குள் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். "அண்ணே, 1918-ல மதுரையில அவர் ஆரம்பிச்ச கம்பெனியில நடிச்சதுதான் சின்னப் பசங்க, பார்த்தது பெரியவங்க. நமக்குப் பார்க்கிறதும் பொடிசுங்க" என்று நானும் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

கதை சின்னதுதான். ஆட்டுக்குட்டியின் கழுத்துமணியை நரி எடுத்துவிடுகிறது. குட்டி தேடி அலைகிறது. முதல் பாட்டை "எங்கே போச்சு என் மணி" என்று எழுதினேன். பேப்பரில் நன்றாகத்தான் இருந்தது. மெட்டுப் போட்டவர் தன் குரலுக்கேற்ற தாழ்ந்த சுருதியில், ஒரு கட்டையில் பாடிக் காட்டியபோதும் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்காக ஐந்து கட்டைக்கு ஏற்றியதும் விவகாரம் தெரிந்தது. வரியின் கடைசி எழுத்து 'ணி'. மெட்டு அங்கேதான் மேல் ஸ்தாயிக்குப் போகிறது. 'இ'யில் உச்சத்தைப் பிடிக்க வாய் திறக்கவே இல்லை. பாட்டு கீச்சென்று போனது. குட்டியாக நடித்த பெண்ணோ மேடையை மூன்று சுற்று ஓடிவந்து பாட வேண்டும். ரெண்டாவது வரிக்கே மூச்சு வாங்கியது.

மூச்சுக்கு வழி தெருக்கூத்தில் இருந்தது. கூத்தாடி ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். அவர் ஆடிக்கொண்டே மூச்சைச் சேர்த்துக்கொள்வார். அதுவரை அதை அழகுக்காகச் செய்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன்! ஓரத்தில் ஆறு பிள்ளைகளைப் பின்பாட்டுக்கு உட்காரவைத்தோம். எழுத்துக்கு, "என் மணியைப் பார்த்தீங்களா" என்று மாற்றினேன். 'ளா'வில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

அதில் இன்னொரு வம்பு ஒளிந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒத்திகையைப் போட்டுக் காட்டினோம். குட்டி ஓடிவந்து "பார்த்தீங்களா" என்று பாடியதும், முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் "நரி எடுத்துட்டுப் போயிருச்சு!" என்று கத்திவிட்டார்கள். நரி எடுத்ததை அவர்கள் லேசாகப் பார்த்துவிட்டிருந்தார்கள். யார் எடுத்தது என்பதைக் கடைசிவரை மூடிவைக்க நான் எழுதிய நான்கு காட்சிகள் அந்த ஒரு கூச்சலோடு முடிந்தன. ரெண்டு நாள் எரிச்சலாக இருந்தது.

அப்புறம் அந்த நான்கையும் கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். நரி எல்லார் கண் முன்னாலும் எடுக்கட்டும், பிள்ளைகள் சொல்லட்டும், குட்டிக்கு மட்டும் சரியாகக் காது கேட்காமல் போகட்டும். "என்னது, வரியா?" "கரியா?" என்று அது கேட்கக் கேட்கக் கூச்சல் கூடும். நரி திரும்பி முறைத்தால் அடங்கும். வானவில், வண்ணத்துப்பூச்சி என்று நான் ஆசையாக எழுதிய எட்டு வரிச் சரணம் ஒன்று இருந்தது. அது வரும்போதெல்லாம் பின்வரிசையில் ஒருவரையொருவர் கிள்ள ஆரம்பித்தார்கள். அதையும் எடுத்தாயிற்று.

முதல் நாள் நாடகம் முடிந்ததும் மதியச் சாப்பாட்டு வரிசை. குட்டிக்கு மணி திரும்பக் கிடைத்ததை மேடையிலேயே பார்த்தவர்கள்தான். ஆனாலும் ரெண்டு வாண்டுகள் நரியாக நடித்த பையனை மறித்து, கால்சட்டைப் பையை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.