வாடகையும் தவணையும் சேர்ந்து ஓடும் மாதங்கள்

ஏப்ரல் 20, 2025
மேற்கு மாம்பலம் வீட்டின் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது. மேடவாக்கத்தில் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டை ஜூன் நடுவில் ஒப்படைப்பதாகக் கட்டுநர் கடிதம் கொடுத்திருக்கிறார். காகிதத்தில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் காலி செய்வதை இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்வதால், புது வீடு உரிய நாளில் கைக்கு வருமா என்று தெரியாமலேயே இம்மாத இறுதிக்குள் வாக்குக் கொடுத்தாக வேண்டும்.

ஏப்ரல் 27
மேடவாக்கம் சென்று பார்த்தேன். சுவர்ப்பூச்சு முடிந்து, குளியலறைக் குழாய்கள் பொருத்தப்பட்டு, பார்வைக்கு வீடு தயாராகவே இருந்தது. கீழ்த்தள மீட்டர் பலகையிலோ எங்கள் வீட்டு எண்ணுக்குக் கீழே மீட்டர் இல்லை. டேப் சுற்றிய இரண்டு ஒயர்கள் தொங்கின. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் பணி நிறைவுச் சான்றிதழ் கிடைத்தால்தான் இந்தக் குடியிருப்புக்கு நிரந்தர மின் இணைப்பு. அதைப் பற்றிக் கேட்டபோது, "ஃபைல் உள்ளே இருக்கு சார்" என்றார் தளப் பொறியாளர். கட்டுநரின் கடிதத்தைவிட அந்த வெற்றுப் பலகையே நம்பத்தக்கது என்று தோன்றியதால் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

மே 4
ஆனியில் கிரகப்பிரவேசம் செய்யும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, ஆடியைப் பற்றிப் பேச்சே எடுக்காதே என்று அம்மா சொல்லிவிட்டார். ஆவணி பிறப்பது ஆகஸ்ட் 17. வாதாடலாம் என்றுதான் நினைத்தேன். ஒப்படைப்பு எப்படியும் தள்ளிப்போகக்கூடும் என்பதால் பஞ்சாங்கமும் என் பக்கமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 18
வீட்டுக்காரருடன் பேசி முடித்தாயிற்று. இன்னொரு பதினொரு மாத ஒப்பந்தம் போடச் சொன்ன தரகரின் யோசனையை இருவருமே ஏற்கவில்லை. ஜூலை முதல் மாதாமாதம் நீட்டிப்பு, வாடகை 22,000 ரூபாயிலிருந்து 23,500, காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டோம். உண்மையில் என்னை நெருக்கியது இரட்டைச் செலவு அல்ல, அவரிடம் முடங்கியிருக்கும் இரண்டு லட்சம் அட்வான்ஸ்தான். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். சென்னையில் அந்த வேறு உடன்பாடு பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ள அவர் சம்மதித்ததால் மரவேலைக்கு 47,000 ரூபாய் கையில் நிற்கும்.

ஜூலை 6
நிறைவுச் சான்றிதழ் சென்ற வாரம் வந்தது. அதைப் பார்த்த பிறகே வீட்டுக் கடனின் கடைசித் தொகையை விடுவிக்குமாறு வங்கிக்கு எழுதினேன். அதுவரை விடுவித்த தொகைக்கு வட்டி மட்டுமே கட்டிவந்தோம். 46,000 ரூபாய் முழுத் தவணை ஆகஸ்டில்தான் தொடங்கும். முன்கூட்டியே பணத்தை விடுவித்திருந்தால் அதுவும் மே மாதமே தொடங்கியிருக்கும். ஆடி பிறப்பதற்குள் ஒரு பலகையாவது அறுத்துவிட வேண்டும் என்பது அம்மாவின் அடுத்த உத்தரவு. தச்சர் திங்கட்கிழமை வருகிறார்.

ஜூலை 31
ஆகஸ்ட் 31 அன்று காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்தேன். வெள்ளையடிக்க 20,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி 1,33,000 ரூபாயைச் சாவி வாங்கும் அன்றே தருவதாக வீட்டுக்காரர் சொன்னார். பிடித்தம் அதிகம்தான். தொகையையும் தேதியையும் நோட்டீஸின் நகலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.