அம்மாவின் இல்லாத கால்

‘நினைக்கிறேன்’, ‘ஆசைப்படுகிறேன்’ என்று மனதைப் பற்றி அன்றாடம் பேசுகிறோமே, அது அடிப்படையிலேயே பிழையான கோட்பாடு. அந்த இடத்தை நரம்பியல் பிடித்துக்கொள்ளும் என்று 1981இல் வாதிட்டார் தத்துவ அறிஞர் பால் சர்ச்லாண்ட். எனக்கு ஒப்பவில்லை.

அம்மாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஆனாலும் இரவில் அந்தக் காலின் பெருவிரல் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது என்பார். கை தானாகப் போர்வையின் வெறும் மடிப்பைப் பிடித்துவிடும். மாய உறுப்பு வலி என்கிறது மருத்துவம். மூளையிலும் நரம்புகளிலும் காரணம் தேடுகிறது. நன்றாகத் தேடட்டும். ஆனால் வலி இருப்பதைச் சொன்னது எந்தக் கருவியும் அல்ல, அம்மாதான்.

வலி எப்போதும் தனிப்பட்ட அனுபவம், சொல்பவரின் வார்த்தையை மதிக்க வேண்டும் என்கிறது பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கத்தின் 2020 வரையறைக் குறிப்பு. அதை அச்செடுத்து அவருடைய மருத்துவக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.